யோக்கஹாமா ஆய்வகத்திலிருந்து கமெயாமா ஆலை வரை: ஆக்சைடு டிரான்சிஸ்டர் எல்சிடி திரைக்குள் நுழைந்தது எப்படி? ஒரு நிகழ்வு ஆய்வு

2004 நவம்பர் 25ஆம் நாள் வெளியான 'நேச்சர்' இதழில், டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் (யோக்கஹாமா வளாகம்) கென்ஜி நொமுரா, தோஷியோ கமியா, ஹிதேயோ ஹொசோனோ உள்ளிட்ட குழுவினர் ஒரு புதிய மென்படல டிரான்சிஸ்டரை அறிவித்தார்கள். இன்டியம், காலியம், துத்தநாகம் ஆகிய மூன்று உலோகங்களின் கூட்டு ஆக்சைடை, படிக ஒழுங்கு எதுவும் இல்லாத நிலையில், சாதாரண அறை வெப்பநிலையில், வளையக்கூடிய பிளாஸ்டிக் தாளின்மேல் படியவைத்து அந்த டிரான்சிஸ்டரைச் செய்திருந்தார்கள். 2012 மார்ச்சில் ஷார்ப் நிறுவனம், ஜப்பானின் மியே மாவட்டத்திலுள்ள கமெயாமா இரண்டாம் ஆலையில், அதே பொருளைக் கொண்ட எல்சிடி பலகங்களின் உற்பத்தியைத் தொடங்கியது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது, ஏன் அவ்வளவு காலம் பிடித்தது, தொடங்கும்போது யாரும் பெரிதாக எண்ணாத ஒரு பண்பு எப்படி இறுதியில் அந்தப் பொருளின் முதன்மையான தகுதியாக மாறியது என்பதை இந்த ஆய்வு பின்தொடர்கிறது.

'இக்ஸோ' என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் இந்தப் பொருளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும், அது பழைய சிலிக்கானைவிடப் பல மடங்கு வேகமானது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் வேகம் மட்டுமே அதை ஆலைக்குள் கொண்டுவந்திருக்காது. அணைந்திருக்கும்போது மின்சாரத்தைக் கசியவிடாத அதன் இயல்பும், ஏற்கெனவே கோடிக்கணக்கில் முதலிட்டு நிறுவப்பட்டிருந்த இயந்திரங்களைப் பெருமளவு மாற்றாமலே அதை உற்பத்தி செய்ய முடிந்ததும், ஒளியும் ஈரமும் ஹைட்ரஜனும் அதைக் கெடுக்காமல் காக்கப் பொறியாளர்கள் கண்ட வழிகளும்தான் முடிவைத் தீர்மானித்தன என்பது என் வாதம்.

பழைய பொருள் எங்கே தடுமாறியது

ஒரு டிஎஃப்டி (மென்படல டிரான்சிஸ்டர்) எல்சிடி திரையில் ஒவ்வொரு துணைப் படப்புள்ளிக்கும் ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. 3840 பத்திகளும் 2160 வரிகளும் கொண்ட 4கே திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் சேர்த்தால் 2 கோடியே 48 லட்சத்துக்கும் அதிகமான டிரான்சிஸ்டர்கள் ஒரே கண்ணாடியில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு கதவாக வேலை செய்கிறது. தன் வரிக்கு முறை வரும்போது அது திறக்க வேண்டும். தரவுக் கம்பியில் வரும் மின்னழுத்தத்தைப் படப்புள்ளியின் மின்தேக்கியில் முழுமையாக நிரப்ப வேண்டும். பிறகு மூடிக்கொண்டு, அடுத்த முறை வரும்வரை அந்த மின்னூட்டம் வடிந்துவிடாமல் காக்க வேண்டும். இடையிலுள்ள திரவப் படிகம் அந்த மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திரும்பி, பின்னொளியை எவ்வளவு கடத்துவது என்று முடிவு செய்கிறது.

இந்தக் கட்டமைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1962இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவன ஆய்வகத்தில் பால் வெய்மர் காட்மியம் சல்ஃபைடைக் கொண்டு மென்படல டிரான்சிஸ்டரைச் செய்தார். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பீட்டர் பிராடியின் குழு, காட்மியம் செலினைடு டிரான்சிஸ்டர்களால் இயங்கும் திரவப் படிகத் திரையை 1973இல் செய்துகாட்டியது. ஆயினும் தொழிலை உண்மையில் திறந்துவிட்டது ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம்தான். அங்கே வால்டர் ஸ்பியரும் பீட்டர் லெகோம்பரும் ஹைட்ரஜன் கலந்த படிகமற்ற சிலிக்கானுக்கு மாசூட்ட (வேறு தனிமத்தைச் சிறிதளவு கலந்து அதன் கடத்தலைக் கட்டுப்படுத்த) முடியும் என்று 1975இல் நிறுவினார்கள். 1979இல் அதே பொருளில் டிரான்சிஸ்டரையும் செய்துகாட்டினார்கள். பெரிய கண்ணாடித் தகடு முழுவதும் ஒரே சீராக, 300 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பநிலையிலேயே படியவைக்கக்கூடிய குறைகடத்தி அது. ஷார்ப் 1988இல் 14 அங்குல வண்ண டிஎஃப்டி திரையை அறிவித்தபோதும், பின்னர் மடிக்கணினிகளும் தொலைக்காட்சிகளும் எல்சிடிக்கு மாறியபோதும், உள்ளே இருந்தது இந்தப் படிகமற்ற சிலிக்கான்தான்.

அதன் பலவீனம் இயக்க எண்ணில் இருந்தது. மின்புலத்தில் எலக்ட்ரான் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதைக் குறிக்கும் இந்த எண், படிகமற்ற சிலிக்கானில் ஒரு வோல்ட்-விநாடிக்கு 0.5 முதல் 1 சதுர சென்டிமீட்டர் வரைதான். (இனி அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தருகிறேன்.) 1080 வரிகள் கொண்ட திரையை விநாடிக்கு 60 முறை புதுப்பித்தால், ஒவ்வொரு வரிக்கும் சுமார் 15 மைக்ரோ விநாடி கிடைக்கிறது. 2160 வரிகளை 120 முறை புதுப்பித்தால் அது 3.9 மைக்ரோ விநாடியாகச் சுருங்குகிறது. 4320 வரிகள் கொண்ட 8கே திரையில், அதே 120 முறைக்கு, வரியொன்றுக்கு 1.9 மைக்ரோ விநாடியே மிஞ்சுகிறது. டிரான்சிஸ்டர்களைத் திறந்து மூடும் நீண்ட கேட் கம்பியில் சமிக்ஞை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச்சேரும் தாமதத்தையும் இதிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

மெதுவான பொருளைக்கொண்டு விரைவாக நிரப்ப வேண்டுமென்றால் டிரான்சிஸ்டரை அகலமாக்குவதே எளிய வழி. ஆனால் டிரான்சிஸ்டர் நிற்கும் இடத்தில் ஒளி புகாது. படப்புள்ளி சிறுத்துக்கொண்டே போகும் காலத்தில் டிரான்சிஸ்டரைப் பெரிதாக்கினால் ஒளி புகும் சாளரம் சுருங்கும். அதை ஈடுகட்டப் பின்னொளியைக் கூட்ட வேண்டும். மின்கலம் சீக்கிரம் தீரும். கைபேசித் திரைகளின் நுணுக்கம் கூடத் தொடங்கிய ஆண்டுகளில் இந்த நெருக்கடி ஒவ்வொரு வடிவமைப்பாளரின் மேசைக்கும் வந்துசேர்ந்தது.

மாற்று ஒன்று அப்போதே கையில் இருந்தது. படிகமற்ற சிலிக்கானை எக்சைமர் லேசரால் கணநேரம் உருக்கிப் படிகமாக்கினால், தாழ்வெப்பப் பல்படிகச் சிலிக்கான் கிடைக்கிறது. அதன் இயக்க எண் 50 முதல் 100 வரையும் அதற்கு மேலும் போகும். நுணுக்கமான கைபேசித் திரைகளை அது நன்றாகவே தாங்கியது. ஆனால் லேசர்க் கற்றையின் நீளம், அதன் சீர்மை, கூடுதல் படிநிலைகளின் செலவு ஆகியவை காரணமாக அது பெரும்பாலும் 1500 x 1850 மில்லிமீட்டர் அளவுள்ள ஆறாம் தலைமுறைக் கண்ணாடிகளோடு நின்றுவிட்டது. படிகத் துகள்களின் எல்லைகள் ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலும் வெவ்வேறு இடத்தில் விழுவதால் ஒன்றுக்கொன்று வேறுபாடும் இருந்தது. அணைந்த நிலையில் அது கசியவிடும் மின்னோட்டமும் அதிகம்.

கருதுகோள்

ஹொசோனோவின் சிந்தனை 2004இல் தொடங்கியதன்று. 1995இல் கொபே நகரில் நடந்த படிகமற்ற குறைகடத்திகள் குறித்த பன்னாட்டு மாநாட்டில் அவர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அது அடுத்த ஆண்டு கட்டுரையாக வந்தது. படிகமற்ற பொருளில் எலக்ட்ரான் மெதுவாகத்தான் நகரும் என்று அதுவரை பொதுவாக நம்பியதற்குக் காரணம், எல்லோரும் சிலிக்கானையே அளவுகோலாக வைத்திருந்ததுதான் என்பது அதன் சாரம்.

சிலிக்கானில் எலக்ட்ரான் பயணிக்கும் பாதை, திசை சார்ந்த கலப்பின ஆர்பிட்டால்களால் (அணுவைச் சுற்றி எலக்ட்ரான் இருக்கக்கூடிய வெளிகளால்) ஆனது. அணுக்கள் ஒழுங்காக நிற்கும்போது அந்த ஆர்பிட்டால்கள் ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்திக்கின்றன. ஒழுங்கு குலைந்ததும் பிணைப்புக் கோணங்கள் திரிந்து, சந்திப்பு தவறிப்போகிறது. எலக்ட்ரான் ஒரு பொறியிலிருந்து அடுத்த பொறிக்குத் தாவித் தாவித்தான் போக முடிகிறது. இன்டியம் போன்ற கனமான உலோகங்களின் ஆக்சைடில் நிலைமை வேறு. அங்கே கடத்தும் பாதையை அமைப்பது உலோக அயனியின் வெளிப்புற எஸ் ஆர்பிட்டால். அது கோள வடிவானது, பெரியது. கூடையில் நிறைத்த எலுமிச்சம்பழங்கள் எப்படிச் சரிந்து கிடந்தாலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருப்பதைப்போல, அணுக்கள் கலைந்து நின்றாலும் இந்தக் கோளங்களின் மேற்படிவு குலைவதில்லை. ஆகவே படிகத்தில் கிடைக்கும் இயக்க எண்ணுக்கு நெருக்கமான அளவு படிகமற்ற நிலையிலும் கிடைக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார்.

இந்த எதிர்பார்ப்பை மெய்ப்பிக்கும் பொருளைத் தேடுவதற்கு, ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமையின் எராட்டோ திட்டம் 1999 முதல் 2004 வரை கைகொடுத்தது. உரிய சேர்மம் வேறோர் இடத்தில் ஏற்கெனவே பிறந்திருந்தது: சுக்குபாவின் கனிமப்பொருள் ஆய்வு நிறுவனத்தில் நொபோரு கிமிசுக்கா இன்டியம், காலியம், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த ஆக்சைடுப் படிகங்களை 1985இலேயே தொகுத்திருந்தார். திரைகளைப் பற்றிய எண்ணம் ஏதுமின்றிச் செய்யப்பட்ட அடிப்படைப் படிக வேதியியல் அது. ஹொசோனோவின் குழு அந்தக் குடும்பத்தின் ஒற்றைப் படிகத்தில் டிரான்சிஸ்டர் செய்து, சுமார் 80 என்ற இயக்க எண்ணை 2003இல் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தது. அதற்கு 1400 டிகிரி அளவிலான வெப்பம் தேவைப்பட்டதால் கண்ணாடித் திரைக்கு அது ஒத்துவராது. அடுத்த ஆண்டு அதே பொருளைப் படிகமற்றதாக, அறை வெப்பநிலையில் படியவைத்தபோது 6 முதல் 9 வரையிலான இயக்க எண் கிடைத்தது. படிகமற்ற சிலிக்கானைவிடப் பத்து மடங்கு. கருதுகோள் நின்றது.

மூன்று உலோகங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்பதைக் குறிப்பிட வேண்டும். இன்டியம் எலக்ட்ரானுக்குப் பாதை அமைக்கிறது. துத்தநாகம் அமைப்பு உருவாகத் துணைநிற்கிறது. காலியத்தின் வேலை கட்டுப்படுத்துவது. இன்டியம் ஆக்சைடைத் தனியே விட்டால் ஆக்சிஜன் எளிதில் விலகி, அந்த வெற்றிடங்கள் எலக்ட்ரான்களை வாரிக் கொடுத்து, டிரான்சிஸ்டரை அணைக்கவே முடியாமல் போகும். ஆக்சிஜனை இறுக்கமாகப் பிணைத்துக்கொள்ளும் காலியம் அந்தப் பெருக்கத்தை அடக்குகிறது. அதற்கு விலையாக இயக்க எண் சற்றுக் குறைகிறது. வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்து அடக்கத்தை வாங்கிய இந்த முடிவுதான் முழு நிகழ்விலும் மிக விவேகமானது என்று நான் கருதுகிறேன். இயக்க எண்ணை மட்டும் துரத்தியிருந்தால் காலியத்தை யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

ஆண்டுகள் எங்கே கழிந்தன

முதல் டிரான்சிஸ்டர் லேசர்த் துடிப்பால் பொருளை ஆவியாக்கிப் படியவைக்கும் முறையில் செய்யப்பட்டது. அஞ்சல்தலை அளவுள்ள மாதிரிக்கு அது போதும். இரண்டு மீட்டர் கண்ணாடிக்கு ஆகாது. கேனான் ஆய்வாளர்கள் டோக்கியோ குழுவோடு சேர்ந்து 2006இல் ஸ்பட்டரிங் முறையில் (இலக்குத் தகட்டை அயனிகளால் மோதி, அதிலிருந்து தெறிக்கும் அணுக்களைக் கண்ணாடியில் படியவைக்கும் முறை), 140 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில், 12 என்ற இயக்க எண்ணும் பத்துக் கோடிக்கு ஒன்று என்ற எரிநிலை-அணைநிலை விகிதமும் கொண்ட டிரான்சிஸ்டரைச் செய்தபோது வழி திறந்தது. எல்சிடி ஆலைகளில் ஒளிபுகும் மின்முனையான இன்டியம்-வெள்ளீய ஆக்சைடைப் படியவைக்க ஸ்பட்டரிங் இயந்திரங்கள் பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தன. அதே வகை இயந்திரத்தில் இலக்குத் தகட்டின் கலவையை மாற்றினால் போதும் என்ற நிலை, ஆலை மேலாளர்களுக்கு எந்த இயக்க எண்ணையும்விடப் பெரிய செய்தி.

இதன்பின் முன்மாதிரிகள் வேகமாக வந்தன. கொரியாவின் சாம்சங் 2008இல் 15 அங்குல எல்சிடியையும், 2010இல் விநாடிக்கு 240 முறை புதுப்பிக்கும் 70 அங்குல எல்சிடியையும் காட்டியது. காட்சி அரங்கில் ஒரு திரை ஒளிர்வது ஒன்று; ஐந்து ஆண்டுகள் வீட்டில் ஓடுவது வேறொன்று. இடைவெளி முழுவதும் இங்கேதான் இருந்தது.

ஒரு டிரான்சிஸ்டரின் குறுக்குவெட்டை அருகிலிருந்து பார்ப்போம். கண்ணாடியின்மேல் கேட் உலோகம்; அதன்மேல் மின்காப்புப் படலம்; அதன்மேல் சுமார் 50 நானோமீட்டர் தடிப்பில் இக்ஸோ; இரு பக்கமும் மின்னோட்டம் நுழைந்து வெளியேறும் சோர்ஸ், டிரெய்ன் உலோகங்கள்; எல்லாவற்றுக்கும் மேலே பாதுகாப்புப் படலம். இக்ஸோவின் அடிப்பரப்பும் மேற்பரப்பும் வேறு பொருள்களைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. 50 நானோமீட்டர் தடிப்புள்ள ஒரு படலத்தில் உட்பகுதி என்று தனியாகச் சொல்வதற்கு அதிகம் இல்லை. பரப்பில் நடப்பதெல்லாம் முழுப் படலத்தையும் பாதிக்கிறது.

மேற்பரப்பில் வந்து ஒட்டும் நீர் மூலக்கூறும் ஆக்சிஜனும் தொடக்க மின்னழுத்தத்தை, அதாவது டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்கும் கேட் மின்னழுத்தத்தை, இடம்பெயர்த்துவிடுகின்றன என்று சாம்சங் குழும ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். ஆகவே பாதுகாப்புப் படலம் கட்டாயமாயிற்று. சிலிக்கான் ஆலைகளில் அதற்கு வழக்கமாகப் பயன்பட்டது சிலிக்கான் நைட்ரைடு. ஆனால் பிளாஸ்மா முறையில் படியும் நைட்ரைடில் ஹைட்ரஜன் ஏராளம். படிகமற்ற சிலிக்கானில் ஹைட்ரஜன் தொங்கும் பிணைப்புகளை (இணையின்றி நிற்கும் அணுப் பிணைப்புகளை) அடைத்து நன்மை செய்கிறது. இக்ஸோவுக்குள் புகுந்த ஹைட்ரஜனோ ஆக்சிஜனோடு சேர்ந்து ஓர் எலக்ட்ரானை விடுவித்து, படலத்தைக் கடத்தியாக்கிவிடுகிறது. முப்பது ஆண்டுகளாக நண்பனாக இருந்த தனிமம் புதிய பொருளில் பகையாயிற்று. இக்ஸோவைத் தொடும் இடத்தில் ஹைட்ரஜன் குறைந்த சிலிக்கான் டை ஆக்சைடை வைத்து, நைட்ரைடைத் தொலைவில் நிறுத்தும் இரட்டைப் படலங்கள் இந்தப் புரிதலிலிருந்தே வந்தன. படலத்தை 300 முதல் 400 டிகிரி வரை வெப்பப் பதப்படுத்தி ஆக்சிஜன் குறைபாடுகளைச் சீராக்கும் வழக்கமும் நிலைத்தது. அறை வெப்பநிலையில் செய்யலாம் என்பதுதானே 2004இன் பெருமை என்று கேட்கத் தோன்றும். செய்யலாம், இயங்கும், ஆனால் நிலைத்து இயங்க வெப்பம் வேண்டியிருந்தது.

அடுத்த இடர் வடிவம் வெட்டுவதில் வந்தது. சிலிக்கான் டிரான்சிஸ்டரில் சோர்ஸ், டிரெய்ன் உலோகங்களை வேதிக்கரைசலால் அரித்து வடிவமைக்கும்போது கீழே உள்ள சிலிக்கான் தாங்கிக்கொள்ளும். இக்ஸோ அமிலத்தில் எளிதில் கரையும் ஆக்சைடு; உலோகத்தை அரிக்கும் கரைசல் அதையும் சேர்த்து அரித்துவிடுகிறது. அதனால் தொடக்கத்தில் இக்ஸோவின்மேல் தனியாக ஒரு காப்புத் தீவை வைத்து அதன்பின் உலோகத்தை வெட்டினார்கள். இதற்கு ஒரு முகமூடிப் படிநிலை (முகமூடி வழியே ஒளி பாய்ச்சி வடிவம் வரையும் வேலை) கூடுதல்; டிரான்சிஸ்டரும் சற்றுப் பெரிதாகிறது. பெரும் கண்ணாடியில் ஒவ்வொரு ஒளிவரைவுப் படிநிலையும் ஆலையின் நேரத்தையும் விளைச்சலையும் தின்பதால், காப்புத் தீவு இல்லாமலே வெட்டுவதற்கான கரைசல்களையும் செப்புக் கம்பி அடுக்குகளையும் கண்டடைவது அடுத்த சில ஆண்டுகளின் முக்கிய வேலையாயிற்று.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது ஒளி. கேட்டில் எதிர்மின்னழுத்தம் இருக்கும்போது ஒளியும் பட்டால் தொடக்க மின்னழுத்தம் எதிர்மின் திசையில் நழுவிக்கொண்டே போனது. ஆய்வகத்தில் இதை ஒரு கடுமையான சோதனையாகப் பேசினாலும், எல்சிடியில் டிரான்சிஸ்டரின் அன்றாட வாழ்க்கையே இதுதான். 1080 வரிகள் கொண்ட திரையில் ஒரு டிரான்சிஸ்டர் 1080இல் ஒரு பங்கு நேரம் மட்டுமே திறந்திருக்கிறது. எஞ்சிய 99.9 விழுக்காடு நேரமும் அது கேட்டில் எதிர்மின்னழுத்தத்தோடு, பின்னொளியின் முன்னால், மூடிய நிலையில் நிற்கிறது. சோதனையின் நிபந்தனையும் பயன்பாட்டின் நிபந்தனையும் ஒன்றே என்றால் தப்பிக்க இடமில்லை.

இக்ஸோவின் ஆற்றல் இடைவெளி, அதாவது பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரானை விடுவித்துக் கடத்தவைக்கத் தேவையான ஆற்றல், சுமார் 3.1 எலக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால் இந்தப் பொருள் ஒளிபுகும் தன்மை கொண்டது. கொள்கையளவில் ஒளியால் பாதிக்கப்படக் கூடாது. ஆனால் பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளான இணைதிறன் பட்டைக்குச் சற்று மேலே குறைபாட்டு நிலைகள் அடர்ந்து கிடப்பதை எக்ஸ் கதிர் ஒளியுமிழ் அளவீடுகள் காட்டின. நீல ஒளி அந்த நிலைகளிலிருந்து எலக்ட்ரானைக் கிளப்பிவிடப் போதுமானது. அந்த நிலைகள் ஆக்சிஜன் வெற்றிடங்களா, எதிர்மின் ஹைட்ரஜனா, இரண்டுமா என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. பொறியாளர்கள் விவாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. கேட் உலோகத்தையே பின்னொளிக்குத் தடுப்பாக அமைத்தார்கள். பக்கவாட்டில் சிதறி வரும் ஒளிக்குக் கறுப்புத் தடுப்புகளை வைத்தார்கள். படலம் படியும்போதும் அதன் பின்னரும் ஆக்சிஜன் போதிய அளவு இருக்கப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜப்பானின் அட்சுகியில் உள்ள குறைகடத்தி ஆற்றல் ஆய்வகம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. ஷுன்பெய் யமசாகியின் தலைமையிலான அக்குழு, இக்ஸோவை முற்றிலும் படிகமற்றதாகவும் வைக்காமல், முழுப் படிகமாகவும் ஆக்காமல், படலத்துக்குச் செங்குத்தான அச்சில் மட்டும் அணு அடுக்குகள் ஒழுங்குபட்டு நிற்கும் ஒரு நடுநிலையை 2009இல் கண்டது. பல்படிகச் சிலிக்கானில் தொல்லை தரும் தெளிவான துகள் எல்லைகள் இதில் தென்படவில்லை. படலம் அடர்த்தியாக இருந்ததால் ஆக்சிஜன் எளிதில் விலகவில்லை. 2012 ஜூனில் அந்த ஆய்வகமும் ஷார்ப்பும் சேர்ந்து இதை அறிவித்தன. ஒழுங்கே வேண்டாம் என்ற கருதுகோளில் தொடங்கிய பொருள், நிலைப்புக்காக ஓரளவு ஒழுங்கை ஏற்றுக்கொண்டது.

உரிமமும் ஆலையும்

காப்புரிமைகள் ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமையின் கையில் இருந்தன. அவற்றுக்கான உரிமத்தை 2011 ஜூலையில் சாம்சங் பெற்றது. ஷார்ப் 2012இல்தான் பெற்றது. பொதுப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பு முதலில் அண்டை நாட்டு நிறுவனத்துக்குப் போனது குறித்து ஜப்பானில் மனக்குறை எழுந்தது. உரிமம் யாருக்கும் தனியுரிமையாகத் தரப்படவில்லை; கேட்ட நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. ஆய்வுக் கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருந்த அந்த ஆண்டுகளில் மாதிரிக்குப் பின் மாதிரியாகச் செய்து பார்த்து முன்னேறியவர்கள் கொரியர்கள். அந்த உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் குறைசொல்வது நியாயமாகாது.

கமெயாமா இரண்டாம் ஆலை 2006இல் திறக்கப்பட்டது. 2160 x 2460 மில்லிமீட்டர் அளவுள்ள எட்டாம் தலைமுறைக் கண்ணாடியைக் கையாளும் அது, தொலைக்காட்சிப் பலகங்களுக்காகக் கட்டப்பட்டது. தொலைக்காட்சியில் விலைச்சரிவு ஏற்பட்டபோது அதே ஆலையைச் சிறிய, நடுத்தர, நுணுக்கமான பலகங்களுக்குத் திருப்ப இக்ஸோ வாய்ப்பளித்தது. பல்படிகச் சிலிக்கானால் எட்டாம் தலைமுறைக் கண்ணாடியில் இதைச் செய்வது கடினம். அதே 2012 நவம்பரில் அக்குவோஸ் ஃபோன் ஸீட்டா என்ற கைபேசி இக்ஸோ திரையோடு சந்தைக்கு வந்தது. அதன்பின் 32 அங்குல 4கே கணினித் திரையும் வந்தது. 2014இல் ஆப்பிள் வெளியிட்ட 5120 x 2880 படப்புள்ளிகள் கொண்ட ஐமேக் கணினித் திரையும் ஆக்சைடு டிரான்சிஸ்டர்களால் இயங்கியது.

தொழில்நுட்ப வெற்றி நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சுமார் 37,600 கோடி யென்னும், அடுத்த ஆண்டில் சுமார் 54,500 கோடி யென்னும் ஷார்ப் இழந்தது; 2016இல் தைவானின் ஹொன் ஹாய் குழுமத்தின் கைக்குப் போனது. பெரிய பலகங்களில் செய்த மிகையான முதலீடும் உலகச் சந்தையின் விலைச்சரிவுமே அதற்குக் காரணம். டிரான்சிஸ்டரின் மேன்மையைக் கொண்டு அந்தக் கணக்கைச் சரிசெய்திருக்க முடியாது.

மூடிய கதவின் மதிப்பு

2004இல் எல்லோருடைய கவனமும் இயக்க எண்ணின்மேலும் வளையும் தன்மையின்மேலும் இருந்தது. அணைந்த நிலையில் இக்ஸோ எவ்வளவு குறைவாகக் கசிகிறது என்பது பின்னரே முழுமையாக விளங்கியது. சாதாரண அளவுமானிகளின் எல்லைக்குக் கீழே அது இருந்ததால், நேரடியாக அளக்கவே முடியவில்லை. ஒரு முனையில் மின்னூட்டத்தைச் சேமித்து வைத்து, அது வடிவதை நெடுநேரம் கண்காணித்துக் கணக்கிட வேண்டியிருந்தது. அவ்வகை அளவீடுகளில், ஒரு மைக்ரோமீட்டர் அகலத்துக்கு 10⁻²² ஆம்பியர் அளவிலான மதிப்புகள் 85 டிகிரி வெப்பத்திலும் கிடைத்தன.

காரணம் அதன் மின்னமைப்பில் இருக்கிறது. சிலிக்கான் டிரான்சிஸ்டரின் கேட்டை எதிர்மின்னழுத்தத்துக்கு ஆழமாகத் தள்ளினால், எலக்ட்ரான்கள் விலகினாலும் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத, நேர்மின்னூட்டம்போல நகரும் காலியிடங்கள்) திரண்டு வேறு வழியில் மின்னோட்டம் கசிகிறது. இக்ஸோவில் ஆற்றல் இடைவெளி அகலம். தோன்றும் ஒருசில துளைகளும் இணைதிறன் பட்டைக்கு அருகிலுள்ள அதே குறைபாட்டு நிலைகளில் சிக்கி நகராமல் போகின்றன. ஒளியின்கீழ் நிலைப்பைக் கெடுத்த அதே நிலைகள் இங்கே கசிவை அடைக்கின்றன. ஒரு பொருளின் குறையும் நிறையும் ஒரே இடத்திலிருந்து வருவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறு அதிகமில்லை.

திரைக்கு இதனால் என்ன பயன் என்பதைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு படப்புள்ளியின் மின்தேக்குதிறன் 0.2 பிக்கோஃபாரட் என்றும், கண்ணுக்குத் தெரியாமல் இழக்கக்கூடிய மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட் என்றும் கொள்வோம். கசியக்கூடிய மின்னூட்டம் 10⁻¹⁴ கூலூம். விநாடிக்கு 60 முறை புதுப்பித்தால் 6 x 10⁻¹³ ஆம்பியர்வரை கசிவு தாங்கும். நல்ல படிகமற்ற சிலிக்கான் இந்த எல்லைக்குள் அடங்கும். விநாடிக்கு ஒரே முறை புதுப்பிக்க வேண்டுமென்றால் 10⁻¹⁴ ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அங்கே சிலிக்கான் தோற்கிறது. இக்ஸோவின் கசிவைக்கொண்டு அதே கணக்கைப் போட்டால், அந்த மின்னூட்டம் ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள டிரான்சிஸ்டர் வழியாக வடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். அசையாத படத்தையோ எழுத்துப் பக்கத்தையோ காட்டும்போது திரையை விநாடிக்கு 60 முறை எழுதத் தேவையில்லை. ஒருமுறை எழுதிவிட்டு ஓட்டும் சுற்றுகளை ஓய்வில் விடலாம்.

இங்கே சிக்கல் இடம் மாறியது. டிரான்சிஸ்டர் கசியாவிட்டாலும் திரவப் படிகமே கசியும்: அதில் கரைந்த அயனி மாசுகள் மின்னூட்டத்தை மெல்ல உண்கின்றன. மேலும், கிடைத்தள மின்புலத்தால் இயங்கும் திரைகளில், மின்னழுத்தத்தின் குறி மாறும்போது திரவப் படிகம் வளைவதால் உண்டாகும் மின்முனைவு காரணமாக ஒளி சிறிது துடிக்கிறது. 60 முறைக்கு அது கண்ணுக்குத் தெரியாது. விநாடிக்கு ஒருமுறை என்றால் மினுக்கமாகத் தெரியும். ஆகவே, மெதுவான புதுப்பிப்புக்காகத் திரவப் படிகக் கலவையையும் மின்முனை வடிவத்தையும் மறுபடி வடிவமைக்க வேண்டியிருந்தது. பின்னொளிதான் எல்சிடியின் மின்செலவில் பெரும்பங்கு என்பதால், புதுப்பிப்பைக் குறைப்பதால் மட்டும் முழுச் செலவும் அதே விகிதத்தில் குறையாது. சிறிய டிரான்சிஸ்டரால் சாளரம் அகன்று, பின்னொளியைக் குறைக்க முடிந்ததும் அந்தச் சேமிப்பில் கணிசமான பங்கு.

தீராதவை

இக்ஸோவில் எலக்ட்ரான்கள் மட்டுமே ஓடுகின்றன. துளைகளால் இயங்கும் இணை டிரான்சிஸ்டரைச் செய்ய முடியாது. எனவே திரையின் ஓரத்தில் அமையும் சிக்கலான சுற்றுகளில் பல்படிகச் சிலிக்கானுக்கு இன்றும் மேலாண்மை உண்டு. இரண்டையும் ஒரே தகட்டில் சேர்க்கும் வழி, கரிம ஒளியுமிழ் (ஓஎல்இடி) திரைகளில், குறிப்பாகக் கைக்கடிகாரங்களில், 2018 முதல் பயன்பாட்டுக்கு வந்தது.

இயக்க எண் 10 என்பது வருங்காலத் திரைகளுக்குப் போதுமா என்ற கேள்வியும் நிற்கிறது. காலியத்துக்குப் பதிலாக வெள்ளீயம் சேர்ந்த இன்டியம்-வெள்ளீயம்-துத்தநாக ஆக்சைடில் அதைப் பல மடங்கு உயர்த்தலாம். ஆனால் இயக்க எண் ஏறினால் நிலைப்பு இறங்குவது இந்தத் துறையின் பழைய அனுபவம். இதை ஆராய்ந்த ஹொசோனோவின் குழு 2021இல் 'நேச்சர் எலக்ட்ரானிக்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை, பழியைப் பொருளின்மேல் போடவில்லை. டிரான்சிஸ்டரைச் செய்யும்போது படலத்தில் ஒட்டிக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடு சார்ந்த மாசுகள் எலக்ட்ரான்களைக் கொடுத்துத் தொடக்க மின்னழுத்தத்தை நகர்த்துகின்றன என்று அது காட்டியது. அந்த மாசுகளை நீக்கிய டிரான்சிஸ்டரில் 70 என்ற இயக்க எண்ணும் நல்ல நிலைப்பும் ஒருசேரக் கிடைத்தன. இதே தூய்மையை இரண்டு மீட்டர் கண்ணாடியின் நான்கு மூலைகளிலும், தகட்டுக்குத் தகடு மாறாமல், ஆலையின் வேகத்தில் கொண்டுவர முடியுமா என்பதில்தான் இப்போதைய வேலை நடக்கிறது.